தரையில் அமர்ந்து சொன்ன வரலாறு

ஒரு பல்கலைக்கழகம் தன் மதிலுக்கு வெளியே வாழும் மக்களிடம் பேச முற்படும்போது, அது என்ன பேசுகிறது என்பதைப் போலவே யாருடன், எங்கே, எந்த மொழியில் பேசுகிறது என்பதும் நோக்கத்தக்கது. காலனி ஆதிக்கத்தை எதிர்த்து ஆப்பிரிக்க மக்கள் நடத்திய போராட்டங்களைக் குறித்துப் பொதுமக்களுக்கான உரைத்தொடர்களும் கருத்தரங்குகளும் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று நடைபெறுகின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆப்பிரிக்க ஆய்வு நடுவத்தின் ஆய்வரங்கத் தொடர், இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்துச் சொற்பொழிவு, அட்லாண்டா நகரில் 2004 முதல் நடத்தப்பெற்று வரும் கருத்தரங்கு ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் பெயரைத் தாங்கியுள்ளன. அவர் வால்டர் ராட்னி. கயானா நாட்டு வரலாற்றறிஞர்.

இத்தனை அரங்குகளுக்குப் பெயர் தந்த இம்மனிதர் 1980-இல் மறைந்தபோது, அவரது இறப்புச் சான்றிதழில் தொழில் என்னும் இடத்தில் 'வேலையற்றவர்' என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் 'பேராசிரியர்' என்று திருத்த அந்நாட்டு அரசு முடிவு செய்தது 2021-ஆம் ஆண்டில்தான். ஒரு கல்வியாளர் வேலையற்றவராக்கப்பட்டது ஏன் என்பதையும், அதே மனிதரின் பெயரைப் பல்கலைக்கழகங்கள் பின்னர் விரும்பிச் சூடிக்கொண்டது ஏன் என்பதையும் ஒருசேர எண்ணிப் பார்த்தால், காலனி எதிர்ப்பு வரலாற்றைக் கற்பித்தல் என்பதன் உள்ளியல்பு நமக்கு விளங்கும். அதற்குத் துணைசெய்யும் நூல் ஒன்று உண்டு. 1969-இல் இலண்டனில் வெளிவந்த 'தி கிரவுண்டிங்ஸ் வித் மை பிரதர்ஸ்' என்னும் அச்சிறுநூலையே நாம் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஆளுவதற்காக எழுந்த கல்வி

நூலுக்குள் புகுமுன், ஆப்பிரிக்க ஆய்வு என்னும் துறை எவ்வாறு தோன்றியது என்பதைச் சற்று நினைவுகூர்தல் நலம். இலண்டனில் கீழ்த்திசைக் கல்விக்கென 1916-இல் நிறுவப்பட்டு மறு ஆண்டில் மாணவரைச் சேர்த்துக்கொண்ட கல்வி நிலையம், 1938-இல் தன் பெயரில் 'ஆப்பிரிக்க' என்ற சொல்லையும் இணைத்துக்கொண்டது. பேரரசின் நாடுகளுக்குச் செல்லவிருந்த ஆட்சி அலுவலரும் படைத்துறையினரும் வணிகரும் மறைப்பணியாளரும் அவ்வந்நாட்டு மொழிகளையும் வழக்கங்களையும் அறிந்து செல்ல வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அமெரிக்காவிலோ, சோவியத்து நாட்டுடனான பனிப்போர்க் காலத்தில் 1958-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் நிதிதான் ஆப்பிரிக்க ஆய்வு நடுவங்கள் பலவற்றை வளர்த்தது. ஆளப்படுவோரைப் பற்றி ஆள்வோர் அறிந்துகொள்ளும் கல்வியாகவே இத்துறை தொடங்கியது எனலாம். ஆளப்படுவோர் தம்மைத் தாமே அறிந்துகொள்ளும் கல்வியாக அதனைத் திருப்ப முயன்றவர்களுள் ராட்னி முதன்மையானவர்.

அவர் 1942 மார்ச் 23-ஆம் நாள், அன்றைய பிரித்தானிய கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் பிறந்தார். தந்தையார் தையற்காரர், தாயாரும் தையல் வேலை செய்தவர். உதவித்தொகை பெற்று உயர்நிலைக் கல்வி கற்ற ராட்னி, ஜமைக்காவின் மோனாவில் அமைந்த மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் 1963-இல் வரலாற்றில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் மேலே குறித்த அதே இலண்டன் கல்வி நிலையத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் அடிமை வணிகம் பற்றி ஆராய்ந்து, 1966-இல் தம் 24-ஆம் வயதிலேயே முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வுக்கெனப் போர்த்துகீசிய மொழியைக் கற்று லிஸ்பன் நகரின் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்தார். ஆளுவோரின் ஏடுகளிலிருந்தே ஆளப்பட்டோரின் வரலாற்றை மீட்டெடுக்கும் பயிற்சி அவருக்கு அங்கே வாய்த்தது. ஓராண்டு தான்சானியாவில் பணியாற்றிய பின், 1968 ஜனவரியில் தாம் பயின்ற மோனாவுக்கே ஆப்பிரிக்க வரலாற்று ஆசிரியராகத் திரும்பினார்.

மோனாவும் அதன் மதிலும்

மோனா பல்கலைக்கழகம் 1948-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் சார்புக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது. அது எழுந்து நிற்கும் நிலம் ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டம். தோட்டத்து ஆலைக்கு நீர் கொண்டுசென்ற கல் வாய்க்காலின் சிதைவுகளை வளாகத்துக்குள் இன்றும் காணலாம். அடிமைகளின் கொள்ளுப் பேரர்கள் சிவப்பு மேலங்கி அணிந்து பட்டப்படிப்புப் பயின்ற அவ்விடத்திலிருந்து, தலைநகர் கிங்ஸ்டனின் சேரிகள் தொலைவில் இல்லை. ஆயினும் அச்சேரியின் இளைஞர்கள் மோனாவின் வகுப்பறைக்குள் நுழைவதற்கு வழியில்லை. ஜமைக்கா 1962-இல் விடுதலை பெற்றிருந்தும் நிலமும் வணிகமும் ஒரு சிலர் கையிலேயே இருந்தன. பல இனத்தவரும் இணக்கமாக வாழும் நாடு என்று அரசு பறைசாற்றி வந்தது. மக்களுள் மிகப் பெரும்பான்மையினரான கருப்பரின் வரலாறோ பள்ளிப் பாடங்களில் பெரிதும் இல்லாதிருந்தது.

அவ்வில்லாமையை முதலில் உணர்ந்தவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர் என்பது கருதத்தக்கது. எத்தியோப்பியாவைத் தம் தாயகமாகவும் அதன் பேரரசர் ஹெய்லி செலாசியைத் தெய்வ நிலையிலும் போற்றிய ராஸ்தபாரி சமூகத்தார், 1930-கள் தொட்டே ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசிவந்தனர். ஆட்சியாளரும் கற்றோரும் அவர்களை இழிவாகவே நோக்கினர். காவல்துறையினர் அவர்களைத் துன்புறுத்தினர். ராட்னி அவர்களைத் தேடிச் சென்றார். குப்பை மேடுகளிலும் வறண்ட ஓடைக் கரைகளிலும் துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய்களே இருக்கையாக அமர்ந்து, ஆப்பிரிக்காவின் வரலாற்றை அவர்களோடு பேசினார். தரை என்று பொருள்படும் 'கிரவுண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை வினைச்சொல்லாக்கி, ஒருவரோடொருவர் ஒரே நிலையில் அமர்ந்து மனம்விட்டு உசாவுதலைக் குறிக்க வழங்கினர் ராஸ்தபாரி மக்கள். அவ்வழக்கையே ராட்னி தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். 'என் சகோதரர்களோடு தரையில் அமர்ந்து' என்று அதைத் தமிழில் கொள்ளலாம்.

நூலின் இயல்பு

ராட்னி ஜமைக்காவிலும், பின்பு கனடாவின் மொன்றியல் நகரிலும் ஆற்றிய உரைகளின் தொகுப்பு இந்நூல். ஆறு பகுதிகளைக் கொண்ட இதன் அளவு சிறிதே. ஜமைக்காவின் நிலைமை பற்றிய அறிக்கையோடு தொடங்கி, கருப்பின ஆற்றல் என்னும் கருத்தை விளக்கி, அக்கருத்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை ஆராய்ந்து, ஆப்பிரிக்க வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் வந்துசேர்கிறது. ஈற்றில்தான், தரையில் அமர்ந்து உசாவிய அனுபவம் சொல்லப்படுகிறது.

இதனைக் கட்டுரை நூலாக மட்டும் மதிப்பிட்டால் குறைகளே மிகுதியாகப் புலப்படும். கூறியது கூறல் உண்டு. சான்றுக் குறிப்புகள் அரிது. சில இடங்களில் வாதத்தின் இணைப்புகள் தளர்ந்து நிற்கின்றன. ஆனால் இது செவிக்கென எழுந்த நூல். எழுதப் படிக்க வாய்ப்பற்ற ஒருவர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்டால் உடனே விடை தரக்கூடிய அளவில் இதன் வாக்கியங்கள் அமைந்துள்ளன. கலைச்சொல் வரும் இடங்களிலெல்லாம் அடுத்த வரியிலேயே ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. நைல் ஆற்றங்கரையின் குஷ் நாடும் மேற்குச் சூடானியப் பேரரசுகளும் பெனினின் வெண்கலச் சிற்பங்களும் ஜிம்பாப்வேயின் கற்கோட்டைகளும் கேட்போரின் மானத்தை மீட்டுத் தரும் செய்திகளாக அணிவகுக்கின்றன.

இங்கேதான் ராட்னியின் தனித்தன்மை வெளிப்படுகிறது. பேரரசுகளையும் கோட்டைகளையும் எடுத்துக்காட்டிப் பெருமை கொள்வதோடு அவர் நின்றுவிடவில்லை. பெரிய அரசும் உயர்ந்த கட்டடமும் இருந்தால்தான் ஒரு சமூகம் நாகரிகமுடையது என்று ஒப்புக்கொள்வது, அடிமைப்படுத்தியவரின் அளவுகோலையே ஏற்றுக்கொள்வதாகும் என்று அவர் எச்சரிக்கிறார். பேரரசு அமைக்காத சிற்றூர் மக்கள் விருந்தினரை எவ்வாறு ஓம்பினர், முதியோரை எவ்வாறு மதித்தனர், சிறைச்சாலை இல்லாமலே வழக்குகளை எவ்வாறு தீர்த்தனர் என்பவற்றையும் ஆப்பிரிக்கப் பண்பாட்டின் சிறப்புகளாக அவர் எடுத்துரைக்கிறார். குப்பை மேட்டில் அமர்ந்திருப்பவனிடம் 'உன் முன்னோர் மன்னர்' என்று சொல்வது எளிது, கைதட்டலும் கிடைக்கும். 'உன் முன்னோர் மன்னராக இல்லாதிருந்தாலும் மாண்புடையோரே' என்று சொல்வதற்கு ஆழ்ந்த கல்வி வேண்டும். கேட்பவன்மீது மதிப்பும் வேண்டும். பழம்பெருமை பேசும் மேடைகள் எந்த நாட்டிலும் குறைவில்லை. அம்மேடைகளுக்கு இந்நூல் தரும் திருத்தம் இதுவே.

கற்றறிந்த கருப்பருக்கு மூன்று கடமைகளை ராட்னி வகுக்கிறார். தம் துறைக்குள்ளேயே புகுந்துள்ள திரிபுகளை எதிர்த்தல் முதலாவது. துறையின் எல்லை கடந்து, தம் நாட்டைப் பற்றி ஆட்சியாளர் பரப்பும் பொய்த் தோற்றத்தைக் கலைத்தல் இரண்டாவது. உழைக்கும் மக்களின் இயக்கத்தோடு தம்மை இணைத்துக்கொள்ளல் மூன்றாவது. பல்கலைக்கழகங்கள் பொதுவாக முதற் கடமையைப் பொறுத்துக்கொள்கின்றன. இரண்டாவதை முகம் சுளித்து ஏற்கின்றன. மூன்றாவதை அடைந்தவருடன் ஆட்சி தானே நேரில் பேச வந்துவிடுகிறது. ராட்னிக்கு நேர்ந்தது அதுவே.

1968-இல் ஜமைக்கா அரசு மால்கம் எக்ஸ், ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற கருப்பினத் தலைவர்களின் நூல்களைத் தடைசெய்திருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மொன்றியலில் கூடிய கருப்பின எழுத்தாளர் மாநாட்டுக்குச் சென்று திரும்பிய ராட்னியை, 15-ஆம் நாள் விமானத்தை விட்டு இறங்கி நாட்டுக்குள் வர அரசு அனுமதிக்கவில்லை. மறுநாள் மோனா மாணவர்கள் தம் சிவப்பு மேலங்கியுடன் நகரை நோக்கி ஊர்வலம் சென்றனர். காவல்துறை கண்ணீர்ப் புகை வீசியது. பின்னர் நகரின் ஏழை இளைஞர்களும் சேர்ந்துகொள்ள, பேருந்துகள் எரிந்தன, உயிர்களும் பலியாயின. பத்து மாதமே பணியாற்றிய ஒரு வரலாற்று ஆசிரியரை வெளியேற்றியதற்காக ஒரு நகரம் கொதித்தெழுந்தது என்றால், அவர் பாடம் எங்கே சென்று சேர்ந்திருந்தது என்பதை உய்த்துணரலாம்.

கேட்கப்படாத குரல்கள்

இத்தனை சிறப்புகளுடைய நூலில் பெரியதொரு குறையும் உண்டு. தரையில் அமர்ந்து இருதரப்பும் உசாவியதாக நூல் சொல்கிறது. ஆனால் நூலில் நாம் கேட்பது ஒருவர் குரலையே. அச்சகோதரர்கள் என்ன கேட்டார்கள்? அவர் சொன்ன எதையேனும் மறுத்தார்களா? செலாசிப் பேரரசரைப் பற்றிய அவர்களின் நம்பிக்கையும் வரலாற்றாசிரியரின் அறிவும் மோதிய இடங்களில் பேச்சு எவ்வாறு நகர்ந்தது? தாம் அவர்களிடம் மிகுதியாகக் கற்றதாக ராட்னி நன்றியோடு எழுதுகிறார். கற்றது இன்னதென்று அறிய நாம் ஆவலோடு பக்கங்களைப் புரட்டினால், அவர்களது படைப்பாற்றலையும் மன உறுதியையும் வியக்கும் பொதுமொழிகளே பெரிதும் கிடைக்கின்றன. ஒரு பெயர், ஒரு கேள்வி, ஒரு மறுப்பு என்ற அளவில் அவர்கள் நம்முன் எழுந்து நிற்கவில்லை. காவல்துறையின் கண்ணுக்கு அவர்களை மறைக்க வேண்டியிருந்தது என்று இதற்கு அமைதி கூறலாம். அக்காரணம் பெயருக்குப் பொருந்தும்; கேள்விக்குப் பொருந்தாது.

சகோதரர்கள் இருக்கிறார்கள், சகோதரிகள் எங்கே என்ற வினாவும் எழுகிறது. ஜமைக்காவின் சந்தைகளில் காய்கனி சுமந்து விற்றுக் குடும்பங்களைத் தாங்கியவர்கள் பெண்களே. குப்பை மேட்டு உரையாடல்களில் அவர்களுக்கு இடம் இருந்ததா என்பதை இந்நூலிலிருந்து அறியக்கூடவில்லை. அக்காலத்து விடுதலை இயக்கங்கள் பலவற்றுக்கும் பொதுவான குறை இது. பொதுவானது என்பதால் அது குறையன்று என்று ஆகிவிடாது.

இதனை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தின் பொதுப்பணி என்றாலே அறிவைக் கொண்டுசென்று கொடுத்தல் என்று கொள்வது வழக்கம். ராட்னி அவ்வழக்கை உடைத்துத் தரையில் அமர்ந்தார். ஆயினும் அதை எழுத்தில் வடித்தபோது, சொல்பவர் ஒருவராகவும் கேட்பவர் பலராகவும் உள்ள பழைய வடிவமே மீண்டும் தோன்றிவிட்டது. தரையில் அமரத் துணிந்தவருக்கே இவ்வளவு கடினமாயிருந்த ஒன்று, மேடையைவிட்டு இறங்காதவருக்கு எவ்வளவு கடினமாயிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தான்சானியா தந்த படிப்பினை

ஜமைக்கா கதவடைத்த பின் ராட்னி 1969-இல் மீண்டும் தான்சானியாவின் டார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1974 வரை பணியாற்றினார். அந்நகரம் அப்போது ஆப்பிரிக்க விடுதலை இயக்கங்களின் பாசறையாக விளங்கியது. மொசாம்பிக் விடுதலை முன்னணி 1962-இல் அங்கேதான் நிறுவப்பட்டது. அதன் தலைவர் எடுவார்டோ மொண்ட்லேன் 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அங்கேயே வெடிபொதிக்கு இரையானார். வளாகத்து மாணவர்கள் ஞாயிறுதோறும் அரசியல் சிந்தனை வகுப்புகள் நடத்தினர். 'செச்சே' என்னும் இதழை வெளியிட்டனர். ஆப்பிரிக்க விடுதலையை உளமார ஆதரித்த ஜூலியஸ் நைரேரேயின் ஆட்சிக்கும் ஓர் எல்லை இருந்தது. 1969 டிசம்பரில் ராட்னியின் உரை ஒன்றை ஆளுங்கட்சியின் நாளிதழ் தலையங்கத்தில் கடுமையாகச் சாடியது. 1970-இல் 'செச்சே' தடைசெய்யப்பட்டது. காலனி ஆதிக்கத்தை எதிர்த்துப் பேசுவதை வரவேற்கும் அரசும், அவ்வாராய்ச்சி தன்மீது திரும்பும்போது பொறுக்க மாட்டாது என்பதற்கு இது சான்று.

இங்கிருந்தபோது அவர் எழுதிய பெருநூல், ஆப்பிரிக்காவின் வளர்ச்சியை ஐரோப்பா எவ்வாறு சிதைத்தது என்பதை விளக்கும் 'ஹவ் யூரோப் அண்டர்டெவலப்ட் ஆப்பிரிக்கா'. 1972-இல் இலண்டனிலும் டார் எஸ் சலாமிலும் வெளிவந்தது. தம்மை ஒடுக்கியோர் வகுத்த கல்வித் தரங்களை நிறைவுசெய்வதற்கன்றி, தம் சுரண்டலின் இயல்பை அறிய விரும்பும் ஆப்பிரிக்கரை அடைவதற்கே இதை எழுதியதாக முன்னுரையில் ராட்னி தெளிவுறுத்துகிறார். அதற்கேற்ப அடிக்குறிப்புகளின் சுமையைத் தவிர்த்து, இயல் ஒவ்வொன்றின் முடிவிலும் மேலும் படிக்கத்தக்க நூல்களைச் சுருக்கமாகச் சுட்டிச் செல்கிறார். அன்றாடம் கையில் எடுக்கும் சவர்க்காரக் கட்டியை வைத்து அவர் நடத்தும் பாடம் மறக்கவொண்ணாதது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் காங்கோவிலும் மலிவான கூலிக்குத் திரட்டப்பட்ட பனை எண்ணெய், யூனிலீவர் என்னும் பெருநிறுவனமாக ஐரோப்பாவில் எவ்வாறு வளர்ந்தது என்பதைப் படிப்படியாக விரித்துக்காட்டும் பகுதி, பொருளியல் அறியாதவர்க்கும் விளங்கும்.

ஆனால் எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. 1970-இல் நூலாக வெளிவந்த தம் முனைவர் ஆய்வில், கினிக் கடற்கரையின் உள்ளூர்த் தலைவர்கள் அடிமை வணிகத்தில் எவ்வாறு பங்காளிகளாயினர், அவர்களது நீதிமுறையே அடிமைகளை உண்டாக்கும் கருவியாக எவ்வாறு சீர்குலைந்தது என்பதை ராட்னி நுணுக்கமாகக் காட்டியிருந்தார். பொதுமக்களுக்கென எழுதிய நூலில் அச்செய்தி முற்றிலும் மறையவில்லை எனினும், பின்னணிக்குச் சென்றுவிட்டது. எளிய மக்கள் தம் தலைவர்களின் தவறுகளைக் கேட்கத் தாங்கமாட்டார்கள் என்று கருதத் தேவையில்லை. தம் தலைவர்களால் விற்கப்பட்டவர்களும் அவர்கள்தாமே. அறிஞரவையில் சொன்னதைப் பொதுமன்றத்தில் மென்று விழுங்குவது கேட்போர்க்குச் செய்யும் மரியாதையாகாது.

இந்நூலில் நம்மைப் போன்றோர் தாண்டிச் செல்லக் கூடாத பகுதி, காலனிக் கல்வியைப் பற்றியது. அக்கல்வியின் பெரும்பகுதி திருச்சபைகளின் கையில் இருந்தது. பள்ளிகள் குறைவாயிருந்தன, அவற்றிலும் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகளே, ஆட்சிக்குத் தேவையான எழுத்தர்களையும் பணிவுள்ள குடிகளையும் உருவாக்கி, உள்ள சமூக ஏற்பாட்டைக் காத்ததே அவற்றின் பயன் என்று ராட்னி குற்றஞ்சாட்டுகிறார். மறைப்பணிப் பள்ளிகளில் பயின்றவர்களே விடுதலைப் போராட்டங்கள் பலவற்றுக்கும் தலைமை தாங்கினர் என்பதை நாம் மறுமொழியாகச் சொல்லலாம். ஆனால் கற்பித்தோர் எண்ணியது ஒன்று, கற்றோர் செய்தது வேறொன்று என்பதே அம்மறுமொழியிலும் தொக்கி நிற்கிறது. குற்றச்சாட்டு முழுமையானதன்று, பொய்யானதுமன்று. அதனை அமைதியாகக் கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

தான்சானியாவை விட்டு அவர் நீங்கிய காரணமும் பொருள் பொதிந்தது. மக்களோடு ஒன்றிப் பணியாற்ற அவர்களது பேச்சுவழக்கின் நுட்பங்கள் கைவர வேண்டும், சுவாகிலி மொழியில் அந்நிறைவைத் தாம் எய்தவில்லை என்று பின்னாளில் ஓர் உரையாடலில் அவர் கூறினார். ஜமைக்காவின் குப்பை மேட்டில் அவருக்கு இடம் தந்தது வரலாற்றறிவு மட்டுமன்று. அம்மக்கள் பேசிய மொழி அவர் நாவிலும் இருந்தது. காலனி எதிர்ப்பைக் காலனியாளரின் மொழியில், அதிலும் கல்வித்துறையாருக்கே விளங்கும் நடையில் பேசிமுடிக்கும் கருத்தரங்குகள் இதனைக் கருத வேண்டும்.

கயானாவின் சேற்றுநிலம்

1974-இல் ராட்னி தாய்நாடு திரும்பினார். கயானா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக அவர் பெற்ற நியமனம் ஃபோர்பஸ் பர்னம் அரசின் தலையீட்டால் நீக்கப்பட்டது. வேறு நாடுகளில் வேலை கிடைக்கும் நிலையிலும் அவர் அங்கேயே தங்கினார். தூண்களின்மேல் கட்டப்பட்ட கயானா வீடுகளின் அடித்தளத்து நிழலில் மக்கள் கூடுவது வழக்கம். அவ்விடங்களே அவருக்கு வகுப்பறைகளாயின. லிண்டன் நகரத்து பாக்சைட் சுரங்கத் தொழிலாளர்க்கும் அவர் பாடம் நடத்தினார்.

இக்காலத்தில் எழுதி அவர் மறைந்தபின் 1981-இல் வெளிவந்த கயானா உழைக்கும் மக்களின் வரலாறு, 1881 முதல் 1905 வரையுள்ள காலத்தைப் பேசுகிறது. கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த கயானாவின் கரையோரத்தைக் கரும்பு விளையும் நிலமாக்க, ஆப்பிரிக்க அடிமைகள் 10 கோடி டன் ஈரக் களிமண்ணை மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் அள்ளி அகற்றினர் என்னும் செய்தியை நூலின் தொடக்கத்தில் அவர் முன்வைக்கிறார். அடிமைமுறை ஒழிந்தபின் அந்நிலத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இந்தியர்கள். 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர் வந்திறங்கினர். பெரும்பான்மையோர் கல்கத்தாவிலிருந்தும் ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறியவர்கள். பின்னவருள் தமிழர் பலர். இவ்விரு இனத்தவரையும் ஒருவருக்கெதிராக ஒருவரை நிறுத்தியே தோட்ட முதலாளிகள் கூலியைத் தாழ்த்தினர் என்பதையும், பின்வந்த அரசியல்வாதிகள் அப்பிளவையே வாக்காக அறுவடை செய்தனர் என்பதையும் ராட்னி உணர்ந்திருந்தார். சிறுவர்களுக்கென அவர் எழுதிய கதைநூல்களுள் ஒன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோஃபி பாடுவைப் பற்றியது. மற்றொன்று இந்தியாவிலிருந்து வந்த லட்சுமியைப் பற்றியது. ஒரு நாட்டின் குழந்தைகள் ஒருவர் வரலாற்றை ஒருவர் அறிந்தால்தான் பகை நீங்கும் என்பது அவர் நம்பிக்கை. மோனாவில் நாம் கேட்க ஏங்கிய எளிய மனிதரின் தனிக்குரல், இப்பிற்காலப் படைப்புகளில் ஓரளவு ஒலிக்கத் தொடங்குகிறது.

அவர் செலுத்திய விலை பெரிது. 1979 ஜூலையில் அரசுக் கட்டடம் ஒன்று எரிந்த வழக்கில் அவரும் தோழர்களும் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஜூலை 14-ஆம் நாள், வெளியே நடந்த ஆர்ப்பாட்டத்தின்மீது கும்பல் ஒன்று தாக்குதல் நடத்தியது. அங்கே 'காத்தலிக் ஸ்டாண்டர்டு' இதழுக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்த இயேசு சபை அருள்பணியாளர் பெர்னார்டு டார்க் குத்திக் கொல்லப்பட்டார். பள்ளி ஆசிரியரான அவர் கையில் இருந்தது ஒளிப்படக் கருவி ஒன்றே. ஓராண்டுக்குள், 1980 ஜூன் 13-ஆம் நாள், கம்பியில்லாப் பேச்சுக் கருவியில் மறைத்து வைக்கப்பட்ட வெடிகுண்டு ராட்னியின் உயிரைப் பறித்தது. அவருக்கு வயது 38. 2014-இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 2016-இல் அளித்த அறிக்கை, அக்கொலையில் அரசின் பங்கை எடுத்துரைத்தது.

நினைவும் பின்பற்றலும்

ராட்னியின் நூல்கள் 2018 தொடங்கிப் புதிய பதிப்புகளாக வெளிவந்துள்ளன. அவருடைய தான்சானிய வகுப்பு உரைகளும் நூலுருப் பெற்றுள்ளன. அவர் கைப்பட எழுதிய தாள்கள் அட்லாண்டாவின் நூலகம் ஒன்றில் பேணப்படுகின்றன. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியன. பல்கலைக்கழக அரங்குகளில் அவரைப் பற்றி ஆராய்வதையும் நாம் குறைகூறவில்லை. அமைதியான நூலகமும் ஆழ்ந்த ஆய்வும் இல்லாமல் ராட்னியே உருவாகியிருக்க மாட்டார். லிஸ்பன் ஆவணங்களைப் படித்திராத ஒருவர் குப்பை மேட்டில் அமர்ந்தாலும் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருந்திராது.

எனினும், அவர் பெயரைச் சூடிய எந்த நிகழ்ச்சியும் அவரது முதற்சிறுநூலின் ஒளியில் தன்னை ஆராய்ந்துகொள்ளக் கடமைப்பட்டது. பேசப்படும் மக்கள் அவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார்களா? அவர்களது மொழியில் பேச்சு நடக்கிறதா? அவர்கள் எழுந்து மறுத்துப் பேசினால் அம்மறுப்பு அச்சேறுமா? பேசுபவர் தம் சொல்லுக்காக எதையேனும் இழக்கக் கூடுமா, அல்லது ஊதியமும் பாராட்டும் மட்டுமே பெற்றுத் திரும்புவாரா? இவ்வினாக்களுக்கு முழுநிறைவான விடை ராட்னியிடமும் இல்லை என்பதை மேலே கண்டோம். ஆயினும் விடையை நோக்கி அவர் நெடுந்தொலைவு நடந்தார்.

1968-இல் கிங்ஸ்டனின் ஓடைக் கரைகளில் அவரோடு அமர்ந்திருந்த 20 வயது இளைஞர்கள் இன்று எண்பதை எட்டும் முதியவர்கள். அவர்களுள் சிலரேனும் உயிரோடிருக்கக் கூடும். அன்று அவர்கள் கேட்ட கேள்விகள் எவை, மறுத்த கருத்துகள் எவை, அப்பேச்சு அவர்கள் வாழ்வில் எதை மாற்றியது, எதை மாற்றாமல் விட்டது என்பவை நூலில் எழுதப்படாத மறுபாதி. அவர்களிடம் சென்று, அவர்கள் பேச்சிலேயே அதைக் கேட்டெழுதும் பல்கலைக்கழகம், அவருக்கு இதுவரை எடுக்கப்பட்ட நினைவு விழாக்கள் அனைத்தினும் அவருக்கு உகந்ததொரு பணியைச் செய்ததாகும்.